உன் அறைக்குள் வரும் சமையலறை

ரூசே,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் நெவேனாவுக்கு,

பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய பெட்டியை வாங்கியதும் முதலில் புட்டிகள் உடையாமல் வந்தனவா என்று பார். குடைமிளகாய்த் தொக்கு இந்த முறை சற்றுக் கசக்கும். மிளகாயைச் சுட்டது நான் அல்ல, எதிர்வீட்டு பாவ்லினா. கருகிய தோலை முழுக்க உரிக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

நான் ஏன் சுடவில்லை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் என் குரலை ஆராய ஆரம்பிப்பாய்.

கால் மரத்துப்போவதைப் பற்றி நரம்பு மருத்துவர் சொன்னதில் பாதியைத்தான் கோடையில் உன்னிடம் சொன்னேன். அது முதுகுவலியால் வந்தது அல்ல. மெதுவாக வளரும் நோய், ஆனால் பின்வாங்காது. சில வருடங்களில் எனக்குச் சக்கர நாற்காலி வேண்டியிருக்கும். கைகள் நீண்ட நாள் உழைக்கும் என்றும் சொன்னார். நான் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்.

பாவ்லினா மடத்து ஊற்று நீரைக் கொண்டுவந்தாள். “குடிச்சுத்தான் பாரேன்டி, படிச்சவ வயித்துல சாமி தண்ணி இறங்காதா?” என்றாள். காலமெல்லாம் தண்ணீரைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் இப்படிச் சொல்கிறாள்! அவள் போனதும் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

சக்கர நாற்காலி எப்படியும் வரத்தான் போகிறது, ஆகவே சமையலறையை மாற்ற வேண்டும். நீ பிறப்பதற்கு முன் உன் அப்பா பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து அடுப்பை அங்கே கொண்டுபோனார், பழைய சமையலறை உன் அறையானது. அவரைப் பார்த்து மாடிக்கு மாடி எல்லோரும் அதையே செய்தார்கள். இன்று இந்தக் கட்டடத்தில் பால்கனியில் சூப் கொதிக்காத வீடே இல்லை. பால்கனிக் கதவின் அடியில் உள்ள சிமெண்ட் படியை யாரும் பொருட்படுத்தவில்லை. அது கட்டடத்தின் சுவரோடு சேர்ந்தது, உடைக்கக் கூடாது. தாண்டிப் பழகிவிட்டோம். யாருக்காவது தாண்ட முடியாமல் போகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை, நானும்தான்.

நானே ஒரு வரைபடம் போட்டேன். உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மேடை, முழங்கால் நுழைய அதன் கீழே வெற்றிடம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடுத்து காய் நறுக்கும் இடம், அதற்கு அடுத்து அடுப்பு. அப்போது கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்க வேண்டாம், மேடைமேல் தள்ளினால் போதும். கனமானவை எல்லாம் கீழ் இழுப்பறைகளில். சுவரில் ஒரு அலமாரியும் கிடையாது. மரச்சாமான் கடையில் வரைபடத்தைப் பார்த்த கெர்கானா என்ற பெண், “என்ன மேடம், பொம்மை வீட்டுச் சமையலறையா? இவ்ளோ உயரமா இருக்கீங்க, மேல அலமாரி வெச்சா ஸ்டூல்கூட வேண்டாமே!” என்று சிரித்தாள். கணவருக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன்.

இவை அனைத்தும் படி இல்லாத ஓர் அறையில்தான் சாத்தியம். உன் அறையில்.

உன் அப்பா இரண்டு வாரம் அதைப் பேசவே விடவில்லை. “பிள்ளை திரும்பி வந்தா எங்க படுப்பா? பீன்ஸ் பானைக்குள்ளயா?” என்று கத்தினார். பிறகு ஒரு பலகையைச் செதுக்கி அந்தப் படிமேல் சரிவாக வைத்தார். “பாத்துக்க ஸ்னெஷா, ராஜபாட்டை. இனி பிள்ளை அறையை இடிக்கிற பேச்சே வேண்டாம்” என்றார்.

அவர் வேலைக்குப் போன பிறகு உன் படிப்பு மேசையின் உருளும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஊன்றாமல், கையால் கதவு நிலையை இழுத்துப் பலகையில் ஏறிப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. நினைத்திருந்தால் எழுந்து நின்றிருக்கலாம், இன்னும் நிற்க முடிகிறதே. ஆனால் எழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மறந்துபோன சாவிக்காக அவர் திரும்பி வந்தபோது அந்தக் கோலத்தில்தான் என்னைப் பார்த்தார். என்னை இறக்கிவிட்டு, சாவியை எடுக்காமலே போனார்.

மறுநாள் உன் துணி அலமாரியை நகர்த்திச் சுவர்க் காகிதத்தைக் கிழித்தார். உள்ளே பழைய வெள்ளை ஓடுகள் அப்படியே இருக்கின்றன. படுக்கைப் பக்கச் சுவர் சில்லென்று இருக்கிறது என்று சிறுமியாக இருக்கும்போது அழுவாயே, காரணம் அதுதான். “குழாய் இன்னும் உசிரோடதான் இருக்கு” என்றார். பிறகு உன் கட்டிலில் உட்கார்ந்து, “அவகிட்ட நீயே கேளு. நான் கேக்க மாட்டேன்” என்றார்.

கேட்கிறேன். உன் புத்தகங்களையும் ஓவியங்களையும் பெட்டியில் கட்டி உலர்ந்த இடத்தில் வைப்போம். நீ வரும்போது கூடத்து சோபாவை விரித்துக்கொள்ள வேண்டியிருக்கும், விருந்தாளியைப் போல. அறை இருந்தால் நீ திரும்பி வருவாய் என்று உன் அப்பா நம்புகிறார். சமையலறை சரியாக அமைந்தால் என்னைப் பார்த்துக்கொள்ள நீ திரும்ப வேண்டியிராது என்பது என் கணக்கு. உன் பதில் வரும்வரை சுவரில் கை வைக்க மாட்டோம். வேண்டாம் என்று எழுதினாலும் வருந்த மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அது பொய்.

நீ சரி என்று எழுதி, கோடையில் வந்தால், புதுச் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு எதுவும் சொல்லாதே. முதலில் அந்தத் தாழ்ந்த மேடையின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார். காபி நான் போட்டுத் தருவேன்.

பனி விழுவதற்குள் நல்ல காலணி வாங்கிக்கொள். விடுமுறை நாட்களில் அறையிலேயே அடைந்து கிடக்காதே. வெளியே போ, நிறைய நட, மகளே.

உன் அம்மா,
ஸ்னெஷானா