ஏழரைச் சுற்று

என் செல்லத் தங்கச்சி கலாவுக்கு,

உன்னிடம் எதையும் ஒளித்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை ஆரணி மூன்று கிழமையாக என்னோடு பேசுவதில்லை. பிழை என்னுடையது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "அக்கா, நான் இல்லையெண்டாலும் அவள் அந்த ஓட்டம் ஓடவேணும். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ." ஓம் என்று தலையாட்டினேன்.

அவளும் ஓடினாள். பிரித்தானியாவுக்காக, ஹொலண்டில், பெண்களின் மூவாயிரம் மீற்றர் ஐஸ் சறுக்கோட்டம். லண்டனில் அதற்கு அளவான ஐஸ் வட்டம் இல்லையென்று அவள் அங்கேயே தங்கிச் சறுக்கிப் பழகுவது உனக்குத் தெரியும்தானே. ஓட்டத்துக்கு முதல் நாள் போன் எடுத்தேன். என் வாய் சும்மா கிடந்ததா? எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"ஏழரை, பெரியம்மா."

"ஏழரையோ! அது சனியன்ர கணக்கெல்லோ பிள்ளை? ஏழரைச் சனி குடும்பத்தையே ஆட்டும். அம்மா செத்து மூண்டு மாசம் ஆகேல்லை. இந்த ஓட்டம் வேண்டாம், விடு."

நீ என்றால், "அக்கா, அந்த ஐஸில சனி பகவானுக்கே கால் வழுக்கும்" என்று நக்கலடித்திருப்பாய். அவள் சிரிக்கவில்லை. "சரி, வைக்கிறன்" என்றாள்.

மறுநாள் லண்டனில், கோலியர்ஸ் வுட் வீட்டில் சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு டீவிக்கு முன்னால் இருந்தேன். இரண்டிரண்டு பேராகத்தான் ஓடவிடுவார்கள்; ஆரணி தன்னோடு சோடியாக ஓடியவளுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவளுடைய கால்களுக்கு என்ன நடந்தது, கலா? விழவில்லை. ஆனால் முடிவில் பட்டியலின் அடியில் கிடந்தது அவள் பெயர்.

அன்று பின்னேரம் அவளே எடுத்தாள். "மணி அடிக்கேக்கை உங்கட குரல்தான் காதில கேட்டது, பெரியம்மா. இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ."

பிள்ளையைப் பிடித்த சனி நான்தானா? ஆர்ச்வே கோயிலில் முருகனிடம் அழுது கேட்டேன். அவனும் பேசவில்லை. நீயாவது சொல்லமாட்டாயா?

வெள்ளிக்கிழமை ஹொலண்டுக்குப் பஸ் ஏறுகிறேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். திறந்தால், "பிழை விட்டிட்டன், பிள்ளை" என்று மட்டும் சொல்வேன். பிறகு அவள் ஏசட்டும், அழட்டும், அடிக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் அக்கா,
ஆரணியின் பெரியம்மா