துண்டுக்குள் சொல்லாத விலை

16 ஜனவரி 1957, புதன்

நேற்று மாட்டுப் பொங்கல். பால்காரர் ராஜாங்கம் வீட்டுப் பசுவுக்கு மஞ்சள், குங்குமம், கழுத்தில் மாலை. அதே கொட்டிலின் மூலையில் ஒரு காளைக்கன்று எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. கன்று குடித்தால் விற்கிற பால் குறையும். அதனால் காளைக்கன்றைப் பட்டினி போடுகிறார்கள். செத்ததும் தோலுக்குள் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்திக் கறக்கிறார்கள். போன வருடத்துப் பொம்மை ஒன்று அங்கே நின்றது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்!

இன்று போய், "அஞ்சு ரூபா தரேன், இதைக் குடுத்துடுங்க" என்றேன்.

"வேதக்காரப் பொண்ணு கன்னு கேட்டா எதுக்குன்னு தெரியாதா? கறிக்குத்தானே?"

"நீங்க பட்டினி போட்டுக் கொல்றீங்க. நான் தீனி போட்டு வளத்து உழவுக்கு விக்கப்போறேன். எது பாவம்னு நீங்களே சொல்லுங்க."

கொடுத்துவிட்டார். தூக்கிக்கொண்டுதான் வந்தேன். நடக்க முடியவில்லை அதற்கு. கறுப்பு.

22 ஜனவரி, செவ்வாய்

இன்னும் இரண்டு. இரண்டும் வெள்ளை, ஒரே உயரம். ஜோடியாக விற்றால் நல்ல விலை வரும் என்கிறார் அப்பா. வாளியிலிருந்து குடிக்கத் தெரியவில்லை. கஞ்சியில் விரலை நனைத்து வாய்க்குள் கொடுத்தேன். சப்பிக்கொண்டே தலையை வாளிக்குள் இறக்கின. அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டன. கான்வென்டில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வர ஒரு வருடம் ஆயிற்று.

அம்மா பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையாடி? பொழுதுபோக்கு" என்றாள்.

பெயர் வைக்கவில்லை. விற்கப்போவதற்குப் பெயர் எதற்கு?

10 பிப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அப்பா மறுபடி அந்தப் பசுவின் கதையை எடுத்தார். மில்லில் பஞ்சுப் பொதி விழுந்து அவர் கால் நசுங்கிய வருடம் வீட்டுப் பசுவை விற்றோம். தரகர் பக்கிரிதான் முடித்தார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார், வாங்குகிறவன் உள்ளே கைவிட்டு விரலைப் பிடித்து விலை சொல்வான். பிறகு தரகர் விற்கிறவனிடம் வந்து அதேபோல் விரலைப் பிடிப்பார். இரண்டு பிடியும் ஒன்றுதானா என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தொண்ணூறு. வாங்கியவன் கொடுத்தது நூற்று இருபத்தைந்து. அதுவும் ஆறு மாதம் கழித்து அவனே சொல்லித் தெரிந்தது.

"அப்ப பக்கிரியக் கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கிறது? சாட்சி யாரு? துண்டா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3 ஏப்ரல், புதன்

புல் விற்கிற வீராயி புது நயா பைசாவைத் தொட மாட்டேன் என்கிறாள். "இது காசா, சட்டைப் பொத்தானா?" நானே வாய்க்கால் ஓரம் போய் அறுத்தேன்.

9 மே, வியாழன்

என் தப்பு. முழுக்க என் தப்பு.

ரொட்டிக் கடையில் நாலு நாள் பழைய ரொட்டியை மூட்டையாகக் கொடுத்தார்கள். இந்த வெயிலில் புல் எங்கே இருக்கிறது? தண்ணீரில் ஊறவைத்துத் தொட்டி நிறையக் கொட்டினேன். வெள்ளை இரண்டும் கொஞ்சம் தின்றுவிட்டு விலகிக்கொண்டன. கறுப்பு விடவில்லை. மத்தியானம் மில் சங்கு ஊதும்போது அதன் இடது வயிறு தவில் மாதிரி எழும்பியிருந்தது. தட்டினால் சத்தம். மூச்சு விட முடியாமல் நாக்கைத் தள்ளிக்கொண்டு — ஐயோ, அந்தக் கண்ணு — இவ்ளோ நாள் வளத்து நானே கொன்னுட்டேனேன்னு அழுதேன்.

அப்பா தாங்கித் தாங்கி வந்தார். "அழுவாத. வேப்பங்குச்சி கொண்டா." குச்சியைக் குறுக்கே வாயில் வைத்துக் கயிற்றால் காதுகளுக்குப் பின்னால் கட்டினார். அது குச்சியை மென்றுகொண்டே இருந்தது, எச்சில் ஒழுகியது. பெருங்காயம் கரைத்த நல்லெண்ணெயைப் புகட்டினோம். முன்கால்கள் மேட்டில் இருக்க நிறுத்தி நான் வயிற்றைத் தேய்த்தேன். ஒரு மணி நேரம். இரண்டு. பிறகு ஒரு ஏப்பம் வந்தது பார், தெருவுக்கே கேட்டிருக்கும்! அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

சாயங்காலம் எழுந்து நின்றது. தொட்டியில் ரொட்டி மிச்சம் இருக்கிறதா என்று தேடியது, வெட்கங்கெட்டது.

அம்மா அதற்கு ரொட்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

23 ஜூன், ஞாயிறு

அம்மா வேலை செய்கிற வீட்டு மதாமின் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அங்கேயே தங்கி வேலை செய்ய ஒரு பெண் வேண்டுமாம். மாதம் எட்டு ரூபாயும் சாப்பாடும். அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் முடிந்ததும் போக வேண்டும்.

"என்னைக் கேட்டியாம்மா?"

"கேட்டா அரிசி வந்துடுமா?"

பத்தொன்பது வருடமாக அம்மா அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகிறாள். வீட்டுக்கார ஐயா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், நம் தமிழர்தான். ஆனாலும் பின்வாசல்தான். துணி துவைக்கிற சோடாக்காரத்தில் வெந்த அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

அப்பா ஒரு முடிவு சொன்னார். திருநாளுக்குள் கன்றுகளை விற்று ஆறு மாத அரிசிக்கு ஆகிற காசைக் கொண்டுவந்தால் நான் போக வேண்டாம். அம்மா ஒத்துக்கொண்டாள் — நடக்காது என்ற தைரியத்தில்.

28 ஜூலை, ஞாயிறு

பக்கிரி வீட்டுக்கே வந்தார். கன்றுகளின் முதுகைத் தடவிப் பார்த்தார். "மிக்கேலு, உன்னால சந்தைக்கு நடக்க முடியாது. எங்கிட்ட வுடு. வெள்ள ஜோடி அறுவது, கறுப்பு இருவது. ரொக்கம்."

அது ஐந்து மாத அரிசிக்குக்கூட வராது. அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நான் ஓட்டிட்டுப் போறேன்."

"நீயா? கையைத் துண்டுக்குள்ள யாருகிட்டம்மா விடுவ?"

அவர் போனபிறகு கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டினேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

நாளைக்குச் சந்தைக்கு வீராயி கூட வருகிறாள். "சிரிக்கிறவன் வாயில புல்லு திணிக்க ஒரு ஆள் வேணாமா" என்கிறாள்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கால் வலிக்கிறது. தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடியும்போது சந்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கிரி எதிரிலேயே நின்றார். துண்டை விரித்து முன்கையில் போட்டுக்கொண்டு, "வா தாயி, கையை வை" என்றார். சுற்றியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். முகம் பற்றி எரிந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"துண்டு வேணாம், எனக்கு வாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மீன்காரி மாதிரி கத்தினேன். "வெள்ளை ஜோடி நூத்திப்பத்து! வெள்ளை ஜோடி நூத்திப்பத்து!"

முன்னைவிடப் பெரிய சிரிப்பு.

வெயில் ஏறியது. வந்தவர்கள் கன்றுகளின் திமிலை அழுத்திப் பார்ப்பார்கள், பிறகு பக்கிரியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அவருக்குத் தெரியாமல் வாங்கினால் அடுத்த வாரம் அவர் மாடு காட்ட மாட்டார், அந்தப் பயம். பத்து மணிக்கு அவர் மறுபடி வந்தார். "ஜோடி அம்பது. இப்ப அதான் விலை." சரி என்று சொல்லியிருப்பேன். நிஜமாகச் சொல்லியிருப்பேன். வீராயிதான் என் முழங்கையைக் கிள்ளினாள்.

அப்போது ஒரு அம்மாள் வந்தார். செல்வாம்பாள் என்று பெயர், பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் வீடு. குனிந்து ஒவ்வொரு சுழியாகப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். "சுழி சுத்தம். என்ன தீனி போட்ட?"

"கஞ்சி, புல்லு, கடலைப் பிண்ணாக்கு. ஒரு நாள் ரொட்டி போட்டேன், இந்தக் கறுப்பு சாகப் பாத்துது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விக்க வந்த இடத்துல இதையும் சொல்றியே." பிறகு சந்தைக்கே கேட்கிறமாதிரி: "ஜோடி தொண்ணூறு!"

"நூத்தியஞ்சு!"

"தொண்ணூத்தஞ்சு!"

கூட்டம் கூடிவிட்டது. வீராயி நடுவில் புகுந்து, "நூறு, முடிச்சிக்குங்க, வெயிலு தாங்கல" என்றாள். செல்வாம்பாள் சிரித்துவிட்டார். நாலு அடி தள்ளி அவர் புருஷன் வேறொரு ஜோடிக்காகப் பக்கிரியின் துண்டுக்குள் கைவிட்டபடி நின்றிருந்தார். "யோவ், கையை எடு. இங்க முடிஞ்சுது."

காசை எண்ணும்போது என் காதருகே சொன்னார்: "கல்யாணம் கட்டினதிலிருந்து எங்க வீட்டு மாடு என்ன விலைன்னு எனக்குத் தெரியாதும்மா. துண்டுக்குள்ள ஒரு விலை, வீட்டுல ஒரு விலை. நடுவுல சாராயக்கடை. இன்னிக்குத்தான் தெரிஞ்சு வாங்கறேன்."

பக்கத்தில் ஜோடி விற்ற ஒரு கிழவர் பக்கிரியிடம் போய், "எனக்கு எழுவதுன்னியேடா?" என்றார். என்ன பதில் வந்தது என்று நான் நின்று கேட்கவில்லை. ரொட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க வீராயியும் நானும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அப்பா நோட்டுகளை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசத்துக்கு வரும்" என்றாள். அவ்வளவுதான்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

ரொட்டியும் போயிற்று. உழவர்கரை வண்டிக்காரர் ஒருவர், முப்பத்தைந்து. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அது. புல்லுக் கட்டைக் காட்டினார், போய்விட்டது. எனக்குத்தான் கொஞ்சம் என்னவோபோல் இருந்தது.

இன்று வாய்விட்டு விலை சொன்னவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற எல்லாரும் துண்டுக்குள்தான். சந்தை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. மூன்று பேர்.

14 ஆகஸ்ட், புதன்

ராஜாங்கமே சொல்லி அனுப்பினார். இரண்டு காளைக்கன்று. "இப்பல்லாம் பத்து ரூபாம்மா" என்றார். அதற்குள் விலை ஏறிவிட்டது! வாங்கிவிட்டேன். இந்தத் தடவை எழுந்து நிற்கின்றன. அரை வயிறாவது தாயிடம் ஊட்டவிட்டிருக்கிறார்.

17 ஆகஸ்ட், சனி

மதாம் இன்று அம்மாவிடம் கேட்டாராம், திருநாள் முடிந்துவிட்டதே, பெண் எங்கே என்று.

"என்னம்மா சொன்ன?"

அம்மா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கன்றுகளின் கஞ்சி வாளி. நிமிராமலே சொன்னாள்:

"அவளுக்கு வேலை இருக்கு மதாம், வர முடியாதுன்னேன்."