பச்சையாகத் தெரிந்த கரடி

அன்பு மகளுக்கு உன் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனா மூடியைக் கழற்றினேன். உன் அண்ணனை இந்த வரியில் சேர்க்கவில்லை, அவனைப் பற்றிக் கீழே வரும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் வரி மாடு போல ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறது, நீ தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் படி. மத்தியானம் அண்ணன் தூங்கும் நேரத்தில் மட்டும் எழுதுகிறேன், அதனால் பல நாளாக நீளுகிறது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள அவளே பெட்டியோட வந்து வாசல்ல நிப்பா என்கிறாள். நீ வந்து நின்றால் எனக்கு என்ன நஷ்டம், இதை உன் கையிலேயே கொடுத்துப் படி என்பேன்.

இந்த வயதில் அப்பாவுக்கு எதற்குப் படிப்பு என்று நீ போனில் சிரித்தாய். அன்றைக்குக் காரணத்தைச் சொல்லவில்லை, நீ அழுவாய் என்று. நம் வீட்டில் எழுத்து என்றால் அது அண்ணனுடைய வேலை. மின்சாரக் கட்டணம், மருந்து, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குச் சலவைக் கடைக்குப் போய்விடுவேன். பேருந்து நிலையத்தில் அவன் மைக்கில் பேசும்போது அந்தக் குரலுக்காகவே நான் சில நாள் சுற்றிக்கொண்டு அந்த வழியாக வருவேன். எந்தப் பேருந்து எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று அவன் சொல்கிற அழகில், போக வேண்டியது இல்லாதவனுக்கும் ஏறிப் போகலாம் போலிருக்கும். அவன் இடம் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது தூக்கக் கலக்கம் என்றார்கள். ஒரு குடும்பம் முழுக்க வேறு ஊருக்கு ஏறிப் போய்த் திரும்பி வந்து சத்தம் போட்ட பிறகுதான் மேலதிகாரி அவனை வீட்டுக்கு அனுப்பினார். டாக்டர் மறதி நோய் என்றார், மீதியெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, ஒரு நாள் மருந்து அட்டையை அவனிடம் நீட்டி இது காலையிலா ராத்திரியிலா என்று கேட்டேன், அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகா இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரமே நான் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் யாராவது ஒருவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, படிக்க வந்த பிறகு தெருவே வேறாகிவிட்டது. இத்தனை வருஷம் நான் படமென்று நினைத்துக் கடந்து போன பலகை எல்லாம் பேசுகிறது. நம் தெருமுனைச் சுவரில், இங்கே குப்பை கொட்டாதே என்று எழுதியிருக்கிறது. அதன் கீழேதான் நான் காலம் காலமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். போன தடவை பேசியபோது, அண்ணனும் நானும் சின்ன வயசில் பார்த்த கார்ட்டூன் ஒன்று, பேத்திக்குக் காட்டத் தேடுகிறேன், கிடைக்கவே இல்லை என்றாய். பச்சை நிறக் கரடி, முதுகில் ஒரு கதவைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும், பெயர் கதவு மாமா, கடைசியில் ஒரு சுவர் கிடைக்கும், கதவைப் பொருத்தித் தட்டும், உள்ளே இருந்து யாரோ வந்து திறப்பார்கள், யார் என்று மட்டும் நினைவில் இல்லை என்றாய். கம்ப்யூட்டரில் பழைய படங்களைக் கண்டுபிடித்துச் சொல்கிற கூட்டத்தில் கேட்டாயாம், ஒருவர் பச்சை முதலை என்றாராம், ஒருவர் குடை பிடித்த கரடி என்றாராம், இன்னொருவர் உனக்குக் காய்ச்சலில் வந்த கனவாக இருக்கும் என்றாராம். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாய், ஆனால் சிரிப்பு சரியில்லை. பேத்திக்காக மட்டும் தேடவில்லை என்று எனக்குப் பட்டது. அண்ணனிடம் கேட்கலாம் என்று போனை அவன் காதில் வைத்தேன். உன் குரல் கேட்டதும் போனைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் அவனுக்கு இப்போது பயம். மைக்கில் பேசிப் பிழைத்தவனுக்கு இப்படி ஒரு பயம். நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவன் பயந்தது உனக்கு இல்லை.

நான் அந்தக் கார்ட்டூனைப் பார்த்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். பள்ளி விட்டதும் சலவைக் கடைக்கு எதிரே டிவி கடை வாசலில் நிற்பீர்கள், நான் வேலை முடிந்து துணி மூட்டையோடு வந்து கூட்டிப் போவேன். அந்தக் கடை இன்னும் இருக்கிறது, கடைக்காரர் இப்போது போனுக்கு உறையும் ஒயரும் விற்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. அவரிடம் போய், உங்க கடையில ஓடின பச்சைக் கரடிப் படம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில்தான் நிறுத்தினார். யோவ், என் கடையில எல்லாமே பச்சைதான்யா, வெயில் பட்டு டிவி வீணாகுதுன்னு கண்ணாடி பூரா நீலத் தாள் ஒட்டியிருந்தேன்ல, செய்தி வாசிக்கிற அம்மா மூஞ்சிகூட வெளியிலிருந்து பார்த்தா சீக்காளி மாதிரிதான் தெரியும் என்றார். நீலத் தாள் வழியாகப் பார்த்தால் மஞ்சள்தான் பச்சையாகத் தெரியும், அப்படியானால் கரடி மஞ்சள். பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். எனக்கென்ன தெரியும், சத்தம் வெச்சா கூட்டம் கூடி வழியை அடைச்சுக்கும்னு சத்தமே வைக்க மாட்டேன், உன் பையன்தான் வாசல்ல நின்னுக்கிட்டு எல்லாருக்கும் குரல் கொடுப்பான், கரடிக்கு ஒண்ணு, போலீஸ்காரனுக்கு ஒண்ணு, அதைக் கேட்கவே நான் கல்லாவை விட்டு எழுந்து வருவேன் என்றார்.

புரிகிறதா அம்மா. நீ கேட்ட குரல் எல்லாம் அண்ணனுடையது. கதவு மாமா என்பது அவன் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லி உலகம் பூராவும் கேட்டால் யாருக்குத் தெரியும்.

மறுநாள் வகுப்பில் டீச்சரம்மாவிடம் சொன்னேன். உன்னைவிடச் சின்னப் பெண், ஆனாலும் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அது தன் போனில் மஞ்சள் கரடி, முதுகில் கதவு என்று போட்டுத் தேடியது. பூனை வந்தது, தச்சர் ஒருவர் வந்தார், என்னென்னவோ வந்தது. கடைசியில் ஒரு மஞ்சள் கரடி கதவைச் சுமந்துகொண்டு வந்தபோது டீச்சரம்மா போனை என் பக்கம் திருப்பி, மேல எழுதியிருக்கறதை நீங்களே படிங்க தாத்தா என்றது. விரலை வைத்துக் கூட்டிப் படித்தேன். கதவு வியாபாரி. வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று, மிட்டாய் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். நீ இத்தனை நாள் தேடியதை உன் அப்பன் படித்துக் கண்டுபிடித்தான் என்று பேத்தியிடம் சொல்.

ஆனால் அது நீ சொன்ன கதை இல்லை. அந்தக் கரடி வீடு தேடவில்லை, கதவு விற்கிறது. தடார் தடார் என்று மேளம் அடிக்கிறது, கரடி கீச்சுக்குரலில் கத்துகிறது, கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அதன் தலையில் எதையாவது போட்டு உடைக்கிறார்கள், முடிவில் கதவு ஆற்றில் விழுந்து மிதந்து போகிறது, கரடி அதன் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறது, அவ்வளவுதான். சுவரும் இல்லை, தட்டுவதும் இல்லை, திறக்க வருகிறவரும் இல்லை. முதல் தடவை பார்த்து முடித்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

டிவி கடைக்காரர் அதை நம் வீட்டு டிவியில் ஓடும்படி செய்து கொடுத்தார். அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். மேளச் சத்தம் ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான், சாயங்காலம் வரை சாப்பிடவில்லை. உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள், நாலு எழுத்து படிச்சதும் பிள்ளையைச் சோதிச்சுப் பார்க்கணுமா, அவனை அவன் போக்குல விடுங்களேன் என்றாள். விட்டுவிட்டேன். சில நாள் கழித்து அவளுக்குத் தலைவலி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான்தான் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சத்தத்தைச் சுத்தமாக வைக்காமல் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து வந்தான். டிவிக்கு எதிரே நின்றான், உட்காரவில்லை. கடை வாசலில் நிற்பது போலவே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். கரடி வாயைத் திறந்தது, அண்ணனும் பேசினான். அய்யா, இங்க யாராவது இருக்கீங்களா, என் வீடு தொலைஞ்சு போச்சு, கதவு மட்டும்தான் மிச்சம் என்றான். தண்ணீர் கேட்கக்கூடச் சொல் கிடைக்காமல் சொம்பைக் காட்டுகிறவன். உன் அம்மா தலைவலியோடு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அவன் போலீஸ்காரன் ஆனான், கிழவி ஆனான், மறுபடி கரடி ஆனான். நடுவில் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்து நின்றான். இடது பக்கம் உனக்கு இடம் விட்டான் அம்மா.

படம் முடியவில்லை, கரடி பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, அதற்குள் கையை எடுத்துவிட்டான். ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது, அந்தப் படம் ஓடுகிற நாளெல்லாம் அந்த இடத்தில்தான் கடைக்காரர் தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ ஷட்டரை இழுத்துவிடுவார், நீங்கள் ஒரு நாளும் அதற்கு மேல் பார்த்ததில்லை. அவன் நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். வா, மிச்சத்தை நடந்துக்கிட்டே சொல்றேன் என்றான். யாரிடம் சொன்னான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிப்போய் அவனோடு தெருவில் நடந்தேன். சொல்லுடா, கேட்கிறேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பு உயரத்துக்குக் குனிந்து இடது பக்கம் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. வாயைத் திறந்தான், மூடினான். பழைய சலவைக் கடை வரை போய்த் திரும்பினோம், ஒரு சொல் வரவில்லை. அதன் பிறகு எப்போது சத்தமில்லாமல் போட்டாலும் அதே போல் பேசுகிறான், அதே பாலத்தில் நிறுத்துகிறான், செருப்பை மாட்டுகிறான், நடக்கிறான், தேடுகிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பேச்சு குறைகிறது. போலீஸ்காரன் இப்போது வருவதில்லை. டாக்டரிடம் கேட்டேன், இருக்கறது எவ்வளவு நாள் இருக்கும்னு சொல்ல முடியாது பெரியவரே, போனது திரும்பாது என்றார். உன் விடுப்பு குளிர் முடிந்துதான் என்பது எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் கேட்காதே, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

அதனால் ஒன்று செய். தெருவில் நடக்கும்போது அவன் உனக்குச் சொன்ன மிச்சக் கதையை எழுதி அனுப்பு. நடைபாதை குறுகல், மூட்டையோடு நான் முன்னால் போவேன், நீங்கள் பின்னால் பேசிக்கொண்டு வருவீர்கள், அதனால் என் காதில் விழுந்ததே இல்லை. உனக்கு நினைவிருக்கிற வரை போதும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய எழுத்தாக எழுது, கூட்டெழுத்து வேண்டாம், எனக்கு அது இன்னும் பழகவில்லை. அவனோடு நடந்துகொண்டே நான் படித்துக் காட்டுகிறேன். கதவைத் தட்டியதும் திறக்க வந்தது யார் என்று உனக்கு நினைவில்லை என்றாய் அல்லவா, அந்த இடத்தில் எதையும் இட்டுக் கட்டி எழுதாதே. வெறுமனே இடம் விட்டு வை. அங்கே வந்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் நிற்கிறேன். அவன் சொன்னால் அப்படியே எழுதி உனக்கு அனுப்புகிறேன். சொல்லாவிட்டாலும் இடம் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே. பேத்திக்கு அந்தப் படத்தைக் காட்டுவதாக இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு நீயே குரல் கொடு, அண்ணன் குரல் உனக்கு வரும், சின்னதில் அவனைப் போலவே பேசிக் காட்டுவாய். நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அண்ணன் எழுந்துவிட்டான், செருப்புச் சத்தம் கேட்கிறது, நான் போக வேண்டும். மறக்காமல் பெரிய எழுத்து.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதி, எழுதியதைத் தானே ஒரு முறை படித்தும் பார்த்த
உன் அப்பா