மத்தி மீன் வந்தால்தான் மாப்பிள்ளை

எருமப்பட்டி,
ஆடி மாதம், 1983.

அன்பு மகன் ராசுவுக்கு அப்பன் அப்புசாமி எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம், கோழிக்கோட்டில் கடல்மேல் இருக்கும் நீ சுகமா என்று எழுதவும். எழுத்து மேடும் பள்ளமுமாகப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே சாமி, முதியோர் பள்ளியில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. உன் பேரை எழுதி முடித்ததும் சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் காட்டினேன், நம்ம பையன் இத்தனை குட்டையாவா இருக்கறான் என்று கேட்டாள்.

உன் கடிதத்தையும் நானேதான் படித்தேன். மழைக்காற்று நன்றாக அடித்தால் அடிக்கடல் தண்ணீர் குளிர்ச்சியாக மேலே வரும், அதில் மீனுக்குத் தீனி பெருகும், மத்தி மீன் கூட்டமாக வந்து முட்டையிடும், இந்த வருஷம் காற்று பிந்தியதால் தண்ணீர் சூடு இறங்கவில்லை, மீன் வந்து முட்டையிடும்வரை ஆராய்ச்சிப் படகில் லீவு கிடையாது, ஆவணிக் கல்யாணத்துக்கு வருவது சந்தேகம் என்று எழுதியிருந்தாய். அதைப் பெண் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், படிக்கிற பெருமையில் இரண்டு தடவை படித்துவிட்டேன். பெண்ணைப் பெற்ற சின்னண்ணன் முகம் கறுத்துப்போய், ஏனுங்க சம்பந்தி, முகூர்த்தம் குறிச்சது சோசியருங்களா மத்தி மீனுங்களா என்று கேட்டார். ஒரு லாரிக்காரர் வீட்டிலும் வசந்தாமணியைக் கேட்கிறார்களாம், அந்தப் பையனுக்குச் சமுத்திரத் தொந்தரவு எதுவும் இல்லையாம். அப்போது பெண்ணின் அத்தை கண்ணாத்தாள், புதுசாக் கட்டுனவிங்களையே ஆடிக்குப் பிரிச்சு வெக்கறோம், மீனுக்கு மட்டும் என்னங்க அவசரம், அதுக ஆடி போகட்டும்னு மரியாதையா ஒதுங்கி நிக்குதுக என்றாள். எல்லோரும் ஆமாம், நல்ல குடும்பத்து மீன் என்று ஒப்புக்கொண்டார்கள். சின்னண்ணன் முகமும் தெளிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம், படித்த புத்தி, ஆவணியில் வரும் மீன் முட்டையிட்டு முடிக்கப் புரட்டாசி பிறந்துவிடுமே, புரட்டாசியில் கல்யாணம் ஆகாதே என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் லாரிக்காரர் பேச்சு எழுந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற வசந்தாமணி விசுக்கென்று வெளியே வந்து, மீன் வந்தா அவுங்க வரட்டுமுங்க மாமா, வராட்டி நாம போலாமுங்க என்றாள். சின்னண்ணன் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கேரளாவுக்குக் கோழிமுட்டை ஏற்றிப்போகும் நம்மூர் அம்மாசியின் லாரியில் புறப்பட்டு அங்கே வருகிறோம். இடம் போதாததால் சம்பந்திகள் ஆளுக்கு ஓர் அட்டை முட்டையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், உடைந்தால் பேச்சு கேட்க நேரும் என்கிறான் அம்மாசி. படகில் மணவறை போடலாமா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டு வை. கடல் தண்ணீரின் சூட்டைத் தினமும் பார்க்கிறாயாமே, உன் உடம்புச் சூட்டையும் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

முன்னாலேயே மீன் வந்து முட்டையிட்டு உனக்கு லீவு கிடைத்துவிட்டால் தந்தி கொடு, லாரியை நிறுத்திவிடுகிறேன். நாங்கள் வரும் அன்றைக்கே அதுவும் வந்தால் வலையைப் போட்டுவிடாதே சாமி, ஆடி முடியக் காத்திருந்து நம் கல்யாணத்துக்கு வந்ததாக இருக்கட்டும். நீயும் வசந்தாமணியும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். விரல் வலிக்கிறது, அடுத்த வாரத்துக்குள் தேறிவிடும், உன் பேரை இன்னும் கொஞ்சம் உயரமாக எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும் உன் அப்பன்
அப்புசாமி