தும்மல் விலைக்கு ஒரு சக்தி

அன்பும், போனால் போகிறதென்று சிறிது மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஆறு வாரமாகத் தலைமறைவாக இருந்த நமது எட்டுமுகப் பகடை உயிரோடு பிடிபட்டது. அம்மா தைத்துக் கொடுத்த ஒரு கோட்டின் கீழ்மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. கோட்டுக்காரர் திரும்பி வந்து, “நடக்கும்போது யாரோ முழங்கால்ல தட்டுறாங்கம்மா” என்று முறையிட்டார். அம்மா மடிப்பைப் பிரித்தாள். பகடை தரையில் உருண்டு ஏழு காட்டியது. அதன்பின் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பகடையிலும் எண் கிடையாது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வேலையில் உனக்கு நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். நான் என்ன உன் மேலதிகாரியா? உன் கட்டிலில் இப்போது துணிச்சுருள்கள் படுத்திருக்கின்றன. உன் அளவுக்குக் குறட்டை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு மூன்று விலை எழுதி அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. உன் கையெழுத்தில், தபாலில் வர வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் விளையாட்டு நிற்கவில்லை. ஞாயிறு மதியம் அம்மா துணி வெட்டும் மேசையைக் காலி செய்ததும், அவளுடைய சாக்குக்கட்டியால் மேகத்தீவுகளை வரைந்துவிடுவேன். ஜன்னல் வெயில் மெல்ல மேசைமேல் ஏறும். பஞ்சுத் துகள்கள் தீவுகளுக்கு மேலே பறவைக்கூட்டம்போல வட்டமிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் மேசை எது, வானம் எது என்றே தெரியாது. உன் ஆட்டக்காயான நீலப் பொத்தான், அதுதான் விளக்குக்காரி, நீ விட்டுப்போன வடக்குத் தீவிலேயே நிற்கிறாள். மேசையைத் துடைக்கும்போது அம்மாகூட அவளைச் சுற்றித்தான் துடைக்கிறாள்.

என் வீரனுக்குப் புதிதாக மூன்று சக்திகள் செய்திருக்கிறேன். முதலாவது, பெய்கிற மழையை அந்தரத்தில் நிறுத்தி, துளிகள்மேல் படியேறலாம். இரண்டாவது, தூங்குகிறவர் கனவுக்குள் போய் ஒரே ஒரு பொருளை வெளியே எடுத்து வரலாம். மூன்றாவது, தூரத்தைத் துணிபோலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சுருட்டி முடித்தால், அந்தக் கோடியில் நிற்பவர் நம் பக்கத்தில் நிற்பார்.

இவற்றோடு தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்துவிட்டேன். ஏழு தீவும் என் காலடியில். மணிக்கூண்டு அரக்கன் இப்போது என் வீரனுக்குச் செருப்பு துடைக்கிறான்.

உன் சட்டம் நினைவிருக்கிறதல்லவா? ஒருவர் சக்தியை எழுதினால், அதற்கான விலையை இன்னொருவர்தான் எழுத வேண்டும். “ரெண்டையும் உன்கிட்ட குடுத்தா, பூனைய பாலுக்குக் காவல் வச்ச கதைதான்” என்பாய். நிழலை மடித்துப் பையில் வைக்கிற சக்தியை நான் எழுதினேன். நிழல் பையில் இருக்கும்வரை வீரனை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நீ விலை எழுதினாய். பெற்ற தாயே என் வீரனிடம் “யாருப்பா நீ?” என்று கேட்டாள். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை நான். ஆனால் நம்மோடு ஆடுகிற கூட்டம் இன்றுவரை பேசுவது அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான்.

சரி, எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது. கொஞ்சம் என்றால், சாம்பாரில் பருப்பு அளவுக்கு.

நீ விலை அனுப்பிவிட்டதாகக் கூட்டத்திடம் சொல்லி, உன் சாய்ந்த கையெழுத்தில் நானே எழுதினேன். மழைப்படிக்கு ஒரு கொட்டாவி. கனவுத் திருட்டுக்குச் சுண்டுவிரலில் அரிப்பு. தூரத்தைச் சுருட்ட ஒரு தும்மல். எழுத்து அச்சு அசல் உன்னுடையது. ஆனால் நம் கூட்டத்துக் கண்ணாடிக்காரி தாளை ஒரு முறைதான் பார்த்தாள். “உங்க அக்கா விலை எழுதினா அடிவயிறு கலங்கும்டா. இது என்ன, ஜலதோஷமா?” என்றாள். மூன்று பேரும் அவரவர் பொத்தானை என் கையில் வைத்துவிட்டு எழுந்தார்கள். “அக்கா நிஜமா எழுதினா கூப்பிடு, வர்றோம்” என்றான் அந்த மூவரில் நெட்டையனான நம் ஒட்டகம், வாசலில் நின்று. அதற்குப் பிறகுதான் அந்த ஆறு வெற்றியும். நான்கு நாற்காலியிலும் நானே மாறி மாறி உட்கார்ந்து, என்னை நானே தோற்கடித்தேன்.

ஆகவே விலை எழுது அக்கா. முதல் இரண்டுக்கும் உன் இஷ்டம்போல ஈவிரக்கம் இல்லாமல் எழுது. மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடு. போன ஞாயிறு யாரும் இல்லாதபோது மிளகுத்தூளை முகர்ந்து ஒன்பது தரம் தும்மிப் பார்த்தேன். நீலப் பொத்தான் வடக்குத் தீவைவிட்டு அசையவில்லை. தும்மல் போதாது போலிருக்கிறது. என்ன வேண்டுமென்று நீயே எழுது, கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஏழு தீவுகளின் அரசன்,
மூக்கு இன்னும் எரிகிற உன் தம்பி.