பொட்டுக்கு அடியில் இருக்கும் எண்

என் அன்பு அப்பா,

உங்கள் ராணுவப் பதிவேட்டின் திருத்திய பக்கம் இன்று தபாலில் வந்தது. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்கு வேறு யாரும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

சுங்கை பினாங் வீட்டில்தான் இருக்கிறேன். லிஃப்ட் வாரத்தில் ஒரு நாளாவது கெட்டுப்போகிறது. ஒன்பது மாடி ஏறுகிறேன். ஒரு டம்ளர் அரிசி வடித்தால் இரண்டு நாளைக்கு வருகிறது. கெலுகோரில் நூலக வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே டிவியில் செய்தி ஓடும் சத்தம் இல்லாதது மட்டும் இன்னும் பழகவில்லை.

இருபத்தோரு வருடம் படையில் இருந்தீர்கள். விலகிய அன்று அவர்கள் கொடுத்த பதிவேட்டில் பெயர், எண், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பயிற்சிகள் என்ற கட்டத்தில் 'தியாடா'. விருதுகள் என்ற கட்டத்திலும் 'தியாடா'. மலாய் மொழியில் இரண்டு 'இல்லை'. காட்டில் தடம் பார்க்கும் பயிற்சியை முடித்தவர் நீங்கள். எல்லைக் காட்டில் வழிதவறிப் போன ஒரு குழுவை, மிதிபட்ட புல்லையும் புரண்டு கிடந்த இலையையும் பார்த்தே தேடிப் பிடித்ததற்காகப் பதக்கம் வாங்கியவர். இரண்டுமே நடக்காத மாதிரி இருந்தது அந்தப் பக்கம்.

யார்மேல் குறை சொல்வது? அசல் தாள்களைக் கொண்டு வாருங்கள் என்றுதான் பதிவேடு எழுதிய குமாஸ்தா கேட்டாராம். தாள்கள் நம் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. ஆயுத பூஜைக்கு மற்ற வீடுகளில் கத்தி, கத்தரிக்கோல், கார் சாவி வைப்பார்கள். அம்மா அவற்றோடு உங்கள் சான்றிதழையும் பதக்கக் கடிதத்தையும் வைத்துப் பொட்டிடுவார். "அப்புறம் கொண்டாந்து காட்டிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். அந்த அப்புறம் வரவேயில்லை.

அம்மா போன மறு வருடம், முன்னாள் வீரர்கள் கூட்டத்துக்குப் போய்வந்தீர்களே, நினைவிருக்கிறதா? பதக்கம் பெற்றவர்களின் பெயர்களைப் பட்டியல் பார்த்து வாசித்தார்களாம். உங்கள் பெயர் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், உங்களுக்கு எவ்வளவோ இளையவர், "என்னண்ணே, நீங்க தாப்பூர்லயே காலத்த ஓட்டிட்டீங்களா?" என்று கேட்டாராம். தாப்பூர் என்றால் சமையல்கட்டு. சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னீர்கள். ஆனால் சட்டையைக் கழற்றி மாட்ட அன்று வெகுநேரம் ஆயிற்று.

நான் கையில் புத்தகத்தோடு இருந்தேன். தலையைத் தூக்காமல், "யாருப்பா இதெல்லாம் பாக்குறாங்க? விடுங்கப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. பதிவேட்டைப் பற்றியும் பேசவில்லை. நான் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போன பிறகு என்னைத் தூங்கவிடாதது அந்த 'விடுங்கப்பா'தான். அதனால்தான் ஒருநாள் விடுப்பு எடுத்து, தீவிலிருந்து ஃபெரி ஏறி, பெருநிலத்தில் இருக்கும் ராணுவப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். என் வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

கவுன்டரில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். பயிற்சிச் சான்றிதழில் அம்மா வைத்த பொட்டு கீழே ஓரத்தில் விழுந்திருந்தது; எண் தெரிந்ததால் அதைப் பதிவுக்கு எடுத்துக்கொண்டார். பதக்கக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, இது உங்க அம்மா வேலையா?"

"ஆமாக்கா."

"எங்கம்மாவும் இப்படித்தான். என் பாஸ்போர்ட்ல கூட வச்சாங்க, ஏர்போர்ட்ல ஒரே மானக்கேடு." பிறகு விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "நம்பர் இதுக்கு அடியிலதான் இருக்கு. எனக்குப் புரிஞ்சா போதாது லா. அந்த ரெஜிமன்ட்லயே உங்கப்பா பேர்ல இன்னொரு சுப்ரமணியம் இருந்திருக்காரு. நம்பர் தெரிஞ்சாதான் மேல ஒத்துக்குவாங்க."

கடிதம் என்றால் தலைப்பக்கத்தில் மங்களமாகப் பொட்டு வைப்பதுதானே நம் வழக்கம்? படையில் எண்ணைத் தட்டச்சு செய்வதும் அதே இடத்தில்தான். வருடத்துக்கு ஒரு முறை சந்தனம், அதன்மேல் குங்குமம். இத்தனை வருடத்தில் அது இறுகி, ஒரு காசு கனத்துக்கு நிற்கிறது.

"ஈரப் பஞ்சால ஒத்தி எடுத்தா வந்துரும்" என்றார் அக்கா. "பாத்துச் செய்யுங்க. கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் இருந்தா, அவங்ககிட்ட ஒரு சத்தியக் கடிதமும் வாங்கிட்டு வாங்க."

அப்படித்தான் தேவா அங்கிளைத் தேடி புக்கிட் தெங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார். உங்களோடு அந்தக் காட்டில் நடந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். லாரிகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்த நேரம். எனக்கு நாற்காலியைத் தந்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"எழுதிக்கம்மா. உங்கப்பா முன்னாடி, நான் பின்னாடி. ரெண்டு நாளா அவன் முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நாங்கள்லாம் மரத்தப் பாத்துக்கிட்டு நிப்போம், அவன் மட்டும் தரையில பேப்பர் படிக்கிற மாதிரி படிச்சுக்கிட்டே போவான். இதுல சத்தியம் பண்ண என்ன இருக்கு?"

பதக்கக் கடிதத்தை வெளியே எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இது இன்னும் இப்படியே இருக்கா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அப்பா. அந்தக் கூட்டம் நடந்த மறு வாரமே இதே தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் அவரிடம் போயிருக்கிறீர்கள். பதிவு அலுவலகத்தில் எண் தெரியவில்லை என்று உங்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"நான்தாம்மா கைக்குட்டைய நனைச்சேன். குடு, ஒரே தேய்ப்புல எடுத்துடறேன்னேன். வெடுக்குன்னு புடுங்கிக்கிட்டான். 'டேய், அது அவ விரல்டா'ன்னான். அப்ப உனக்குப் பதக்கம் வேணாமாடான்னு கேட்டேன். வேணும்னான். வேணும், ஆனா தொடாதன்னான். அப்புறம் டீ கூடக் குடிக்காமப் போயிட்டான்."

அன்று மாலை நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நான் எங்கே இருந்தேன்? என்ன படித்துக்கொண்டிருந்தேன்? ஏன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மறுபடியும் 'விடுங்கப்பா' என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தீர்களா?

வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். குங்குமத்தின் நடுவில் சின்னக் குழி. அம்மாவின் மோதிர விரல் ரேகை கூட ஒரு பக்கத்தில் பதிந்திருக்கிறது. கைரேகை இருந்த அடையாள அட்டையையும் அவர் போனதும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் கை பட்ட தடம் என்று இந்த வீட்டில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தடம் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

மேசைமேல் பஞ்சும் தண்ணீரும் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

தேவா அங்கிளின் கடிதத்தை மட்டும் சத்தியப்பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தேன். பதக்கக் கடிதம் எங்கே என்று அக்கா கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "இந்தக் கடிதத்தை மட்டும் வச்சுப் பதக்கத்தைப் பதிய மாட்டாங்க, தங்கச்சி" என்றார். "ரெஜிமன்ட்ல இதோட நகல் எங்கயாச்சும் இருந்தா உண்டு. இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஃபைல மூடாம வைக்கிறேன்."

இன்று வந்த பக்கத்தில் பயிற்சிகள் என்ற கட்டத்தில் உங்கள் தடம் பார்க்கும் பயிற்சி இருக்கிறது. நேராக, கறுப்பு மையில், உங்கள் எண்ணோடு. மூன்று முறை வாசித்தேன். நான்காவது முறை வாய்விட்டு வாசித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். விருதுகள் என்ற கட்டத்தில் இன்னும் 'தியாடா'தான். அது பொய் என்று தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர்: தேவா அங்கிள், அந்த அக்கா, நான்.

அந்த நகலைத் தேடி மாதம் ஒரு கடிதம் எழுதுவேன், அப்பா. பதில் வராவிட்டால் நேரில் போவேன். கிடைக்காமலே போகலாம். அப்போதும் அந்தப் பொட்டில் தண்ணீர் படாது. யாருக்குக் காட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்தத் தடவை நான் தலையைத் தூக்கிப் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் ஒரே மகள்,
செல்வி