அப்பாவுக்கு நீச்சல் தெரியும்

சனிக்கிழமை, மாமல்லபுரம் ரிசார்ட்

ஓய்வெடுக்கத்தான் படூரிலிருந்து வந்தோம். வந்ததும் என் கணவர் ரிசப்ஷனில் இருந்த நீர் விளையாட்டுப் பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார். இன்று முட்டுக்காட்டில் கயாக். நானும் அவரும் ஏறினோம். மகள் ஜெனி கரையில் நின்று கைதட்டினாள். பத்தடி போனதும் அவர் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. நானே தனியாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தேன்.

அறையில் கேட்டேன். "நீச்சல் தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"எங்கப்பா சூப்பரா நீஞ்சுவாருன்னு ஸ்கூல் ஃபுல்லா சொல்லி வெச்சிகீது பாப்பா. அதுகிட்ட சொல்லிடாத."

பன்னிரண்டு வருடமாக என்னிடமும் சொல்லவில்லை இந்த மனுஷன்.

மாலையில் ஜெனி என் காதோடு சொன்னாள். "அப்பாக்கு நீச்சல் வராதும்மா. எனக்குப் போன வருஷமே தெரியும். சொல்லிடாத, பாவம்."

நாளைக் காலை ஏழு மணிக்கு அலைச்சறுக்கு வகுப்பு. அதற்கு அவர் தன் பெயரையும் ஜெனி பெயரையும் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று இருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

விடிந்ததும் எனக்குத்தான் வயிற்றுவலி வந்தாக வேண்டும்.